பி12 செய்வது பாக்டீரியா, அது நம் குடலிலேயே இருக்கிறது, பிறகு ஏன் பி12 குறைகிறது?

சைவம் மட்டும் சாப்பிடும் ஒருவர் கேட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்து, டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். உலகத்தில் இந்த வைட்டமினைச் செய்வது பாக்டீரியாதான் என்று எங்கேயோ படித்திருக்கிறார். அவர் சந்தேகம் இதுதான்: என் குடலிலேயே கோடி கோடியாய் பாக்டீரியா இருக்கிறது, தினமும் இட்லி, வாரத்தில் நாலு நாள் பழைய சோறு, எல்லாமே பாக்டீரியா புளிக்க வைத்ததுதான், அப்படியிருக்க எனக்கு ஏன் குறைந்தது? அப்புறம் இந்த ஊசி மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள், ஈரலிலிருந்தா?

சுருக்கமாகச் சொன்னால், எல்லா பாக்டீரியாவும் பி12 செய்வதில்லை, செய்கிறவற்றில் பல நமக்கு ஒத்துவராத வடிவில் செய்கின்றன, சரியான வடிவில் செய்தாலும் நம் உடம்பில் அது பெரும்பாலும் நடக்கும் இடம் நமக்கு எட்டாத இடம். இந்த மூன்றையும் புரிந்துகொள்ள, பாக்டீரியா இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நான் நுண்ணுயிரியல் படித்து, நொதிகளோடு பல வருடம் வேலை பார்த்தவன், அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் உங்கள் ஊசி மருந்தையே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல மாதுளைச் சிவப்பு. அந்த நிறம் சேர்த்த சாயம் கிடையாது, மூலக்கூறின் சொந்த நிறம். நடுவில் ஒரே ஒரு கோபால்ட் அணு, அதைச் சுற்றி நாலு நைட்ரஜன் பிடித்திருக்கும் ஒரு வளையம், இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சிவப்பைத் தருகின்றன. வளையத்துக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி தொங்குகிறது, மேலே ஒரு தொகுதி உட்கார்ந்திருக்கிறது. மெத்தில்கோபாலமின் ஊசி என்றால் மேலே இருப்பது மெத்தில், அதற்கும் கோபால்ட்டுக்கும் இடையிலுள்ள பிணைப்பு வெளிச்சம் பட்டாலே அறுந்துவிடும், அதனால்தான் அந்த ஆம்பூல் பழுப்புக் கண்ணாடியில் வருகிறது. கீழே தொங்கும் கைப்பிடியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டரை மைக்ரோகிராமுக்கும் கீழே. ஒரு கிராம் இருந்தால் ஒருவருக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் வரும். அவ்வளவு கொஞ்சம் போதும், ஆனால் அது இல்லாவிட்டால் ரத்த அணு ஒழுங்காக உருவாகாது, நரம்பின் மேலுறை கெடும். 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு ரத்தசோகையை, தினமும் நிறைய ஈரல் சாப்பிட வைத்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஈரலில் என்ன இருந்தது என்று தெரிய 1948 வரை ஆனது. அந்தச் சிவப்புப் படிகத்தை எக்ஸ்ரே வைத்துப் படித்து மூலக்கூறின் முழு வடிவத்தை 1950-களின் நடுவில் சொன்னவர் டோரத்தி ஹாட்ஜ்கின். பிறகு உட்வர்டும் எஷன்மோசரும் நூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு பத்து வருடத்துக்கு மேல் உழைத்து, 1972 வாக்கில் இதை வேதியியல் முறையில் முழுதாகச் செய்து முடித்தார்கள். ஏறத்தாழ நூறு படிகள். வேதியியலில் மாபெரும் சாதனைதான், ஆனால் அந்த வழியில் ஒரு மருந்துக்கடைக்குக்கூட சரக்கு அனுப்ப முடியாது. மண்ணில் கிடக்கும் பாக்டீரியா இதே வேலையை முப்பது சொச்சம் நொதிகளை வைத்து, தண்ணீரில், சாதாரண வெப்பத்தில் முடித்துவிடுகிறது.

எப்படி என்றால், அமினோலெவுலினிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறில் ஆரம்பிக்கிறது. இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒரு ஐங்கோண வளையம், அப்படி நாலு வளையம். அந்த நாலையும் வரிசையாகக் கோக்க ஒரு நொதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நொதிகளில் அது ஒன்று, ஏனென்றால் பூக்கட்ட நார் வேண்டும் என்பது போல, கோக்க ஆரம்பிப்பதற்கு அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும், அந்தப் பிடிமானத்தை அதே வளையங்களில் இரண்டை எடுத்துத் தன் மேலேயே நிரந்தரமாக ஒட்டிச் செய்துகொள்கிறது. அதன் நுனியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கோத்துவிட்டு, கோத்த சரத்தை மட்டும் அறுத்து விடுகிறது. அடுத்த நொதி அந்தச் சரத்தை வட்டமாக மூட வேண்டும், ஆனால் மூடுவதற்கு முன்னால் கடைசி வளையத்தைத் திருப்பிப் போட்டு மூடுகிறது. இந்தத் திருப்பல் நடக்காவிட்டால் சரம் தானாகவே மூடிக்கொள்ளும், தப்பான வளையமாக, உடம்புக்கு உபயோகமில்லாததாக. இந்த நொதி குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வெயில் பட்டாலே தோல் கொப்புளிக்கும் கொடிய போர்பிரியா நோய் வருகிறது.

குழந்தைகளைப் பற்றி ஏன் சொன்னேன் என்றால், இது வரைக்கும் உள்ள நொதிகள் எல்லாம் நம்மிடமும் இருக்கின்றன. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் செய்ய இதே வளையம்தான் வேண்டும். செடிகள் பச்சையம் செய்யவும் இதே வளையம். இந்த இடம் ஒரு முச்சந்தி. ஒரு பாதை ஹீமுக்குப் போகிறது, நடுவில் இரும்பு உட்கார்கிறது. அந்தப் பாதையிலிருந்தே பிரியும் கிளை பச்சையத்துக்குப் போகிறது, நடுவில் மக்னீசியம். இன்னொரு பாதை பி12-க்கு, நடுவில் கோபால்ட். நாம் ஒவ்வொரு நாளும் முச்சந்தி வரை வருகிறோம், பி12 பக்கம் திரும்புவதற்கான நொதிகள்தான் நம்மிடம் இல்லை. எந்த விலங்குக்கும் இல்லை, எந்தச் செடிக்கும் இல்லை. பாக்டீரியாவுக்கும், ஆர்க்கியா என்ற இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் மட்டுமே உண்டு.

அந்தப் பக்கம் திரும்பியதும் முதல் வேலை மெத்தில் ஏற்றுவது. மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னத் தொகுதி, வளையத்தின் ஓரத்தில் எட்டு முறை ஏற்றப்படுகிறது, ஒவ்வொரு முறையும் சரியான மூலையில், சரியான பக்கத்தில். நடுவில் ஒரு விசித்திரம். வளையத்தை இறுக்கிச் சின்னதாக்க, நாலு ஐங்கோணங்களை இணைக்கும் பாலங்களில் இருக்கும் ஒரு கார்பனை வெளியே தள்ள வேண்டும். அந்தக் கார்பன் மேல் முதலில் ஒரு மெத்திலை ஏற்றி, பிறகு அந்த மெத்திலோடு சேர்த்தே வெளியேற்றுகிறது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாவில் அந்த இரண்டு கார்பனும் அசிட்டிக் அமிலமாக வெளியே வருகின்றன, வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம். ஆக்சிஜன் இல்லாமல் வாழ்பவற்றில் அசிட்டால்டிஹைடாக வருகின்றன.

ஆம், இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஆக்சிஜனைப் பயன்படுத்துவது, அதில் வளையம் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் கோபால்ட் உள்ளே வரும், மூன்று புரதங்கள் சேர்ந்த பெரிய நொதி ஒன்று செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அதை உள்ளே வைக்கிறது. இன்னொன்று ஆக்சிஜனே வேண்டாத வழி, அதில் கோபால்ட் ஆரம்பத்திலேயே உள்ளே போய்விடும். முதல் வழியை 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ரோன்-பூலாங் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களும் கேம்பிரிட்ஜில் ஆலன் பேட்டர்ஸ்பியின் குழுவும் சேர்ந்து துலக்கினார்கள். இரண்டாவது வழியின் இடைப்பட்ட பொருள்கள் காற்றுப் பட்டால் கெட்டுவிடும், அதனால் இன்னும் இருபது வருடம் இழுத்தது. இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் வாரனின் குழு 2013-ல் அதை முழுதாக வெளியிட்டது. காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டு மணிக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட உழைப்பு என்று தெரியும்.

நொதிகளின் திறமைக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1994-ல் டெக்சாஸில் இயன் ஸ்காட்டின் குழு, 12 நொதிகளைத் தனித்தனியே தயாரித்து எல்லாவற்றையும் ஒரே குடுவையில் போட்டு, ஆரம்பப் பொருளையும் கொடுத்தது. கோபால்ட் இல்லாத முழு வளையம் குடுவையில் வந்து நின்றது, 17 படி தாண்டி 20 சதவீத விளைச்சலோடு. நடுவில் எதையும் பிரிக்கவில்லை, சுத்தம் செய்யவில்லை. உட்வர்டின் குழு பட்ட பாட்டைப் படித்துவிட்டு இதைப் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

சரி, இப்போது அந்தக் கைப்பிடி. வளையம் தயார், கோபால்ட் உள்ளே உட்கார்ந்துவிட்டது, கீழே ஒரு துண்டை மாட்ட வேண்டும். நமக்கு வேண்டிய பி12-ல் அந்தத் துண்டின் பெயர் டைமெத்தில்பென்சிமிடசோல், சுருக்கமாக டிஎம்பி. இது எங்கிருந்து வருகிறது என்பது ரொம்ப காலம் புதிராகவே இருந்தது. 2007-ல் மிச்சிகோ டாகா, கிரஹாம் வாக்கர், கிறிஸ்டோபர் வால்ஷ் உள்ளிட்ட குழு பதிலைக் கண்டுபிடித்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பாக்டீரியா நம்மூரில் மாட்டுத் தீவனமாகப் போடும் குதிரைமசால் வேர் முடிச்சில் வாழ்வது. அதில் ப்ளூபி என்று ஒரு நொதி. அது எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள் எஃப்எம்என், அதாவது நாம் பி2 என்று சொல்லும் ரைபோஃபிளேவினின் உடம்பு வடிவம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அந்த மஞ்சள்தான் ரைபோஃபிளேவின். மூன்று வளையம் ஒட்டிய அந்த மஞ்சள் மூலக்கூறை, ஆக்சிஜனை வைத்துப் பிய்த்து, இரண்டு வளையம் உள்ள டிஎம்பியாக மாற்றுகிறது. பொதுவாக எஃப்எம்என் என்பது நொதிகளுக்குக் கருவி, வேலை முடிந்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும். இங்கே கருவியையே உடைத்துப் பொருளாக்குகிறது. ஒரு வைட்டமினைத் தின்று இன்னொரு வைட்டமின் உண்டாகிறது.

ஆனால் எல்லா பாக்டீரியாவும் இந்தத் துண்டைச் செய்வதில்லை, அவற்றுக்கு அது தேவையும் இல்லை. பல பாக்டீரியாக்கள் டிஎம்பிக்குப் பதிலாக அடினினை மாட்டிக்கொள்கின்றன, டிஎன்ஏவில் உள்ள அதே அடினின், செல்லுக்குள் எப்போதும் கிடைப்பது. வளையம் அதே வளையம், கோபால்ட் அதே கோபால்ட், கீழே மட்டும் வேறு. அவற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். நமக்கு உதவாது. நம் இரைப்பை சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம்தான் பி12-ஐப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கூட்டிக்கொண்டு போகிறது, அது கைப்பிடியைத் தடவிப் பார்த்துத்தான் பிடிக்கும். அடினின் கைப்பிடியை அது சரியாகப் பிடிப்பதில்லை. இந்த வடிவத்துக்குப் போலி பி12 என்று பெயர்.

ஸ்பைருலினா பாக்கெட்டுகளில் பி12 நிறைய இருப்பதாகப் போட்டிருப்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி இந்தப் போலி வடிவம்தான். லேக்டோபேசிலஸை வளர்த்து பி12 அளக்கும் ஒரு பழைய முறை உண்டு, அந்த பாக்டீரியாவுக்குப் போலியும் அசலும் ஒன்றுதான், அதனால் இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். காசு கொடுத்து ஸ்பைருலினா வாங்கி பி12 ஏறிவிடும் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, மாதங்கள் போய்விடுகின்றன, நரம்பு காத்திருக்காது.

இட்லி மாவுக்கும் பழைய சோற்றுக்கும் வருகிறேன். மாவைப் பொங்க வைப்பதும் புளிக்க வைப்பதும் முக்கியமாக லியூகோனோஸ்டாக் மாதிரி லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு முப்பது நொதிகளும் கிடையாது. செய்யத் தெரிந்த ஒன்றிரண்டில் நன்றாக ஆராயப்பட்ட லேக்டோபேசிலஸ் ரியூட்டரி செய்வதும் போலி வடிவம்தான். பழைய சோற்றில் வேறு நல்லது உண்டு, நானும் வெயில் காலத்தில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுகிறவன்தான், பி12-க்காக அதை நம்பாதீர்கள். தயிரில் இருக்கும் பி12 புளிப்பினால் வந்ததில்லை, பாலிலேயே இருந்தது. பாலுக்கு எங்கிருந்து வந்தது என்றால் மாட்டின் வயிற்றிலுள்ள பாக்டீரியாவிலிருந்து.

பாக்டீரியாக்களுக்குள்ளேயே நிலைமை எப்படி என்றால், சுமார் 11,000 பாக்டீரியா இனங்களின் மரபணுக்களை டாகாவின் ஆய்வகம் 2019-ல் அலசியது. 86 சதவீதத்துக்கு இந்த வகை வைட்டமின் உபயோகப்படும் நொதி ஏதாவது ஒன்றாவது இருக்கிறது, முழுதாகத் தானே செய்துகொள்ளக்கூடியவை 37 சதவீதம்தான். மிச்சமெல்லாம் பக்கத்து பாக்டீரியாவிடம் வாங்கிச் சாப்பிடுகின்றன. உங்கள் குடலில் உள்ள ஈ.கோலைகூட ஆரம்பத்திலிருந்து செய்யாது, வளையத்தை யாராவது கொடுத்தால் கடைசிப் பகுதியை மட்டும் முடிக்கும். 2018-ல் சீனாவின் தியான்ஜினில் வேறு பாக்டீரியாக்களிலிருந்து 28 மரபணுக்களைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஈ.கோலை முழு பி12 செய்தது. ஆக, குடலில் இருக்கும் பாக்டீரியாக்களே பி12-க்காக ஒன்றோடொன்று போட்டி போடும் கூட்டம்.

அடுத்தது இடம். நம் பாக்டீரியாவில் பெரும்பங்கு பெருங்குடலில். பி12 உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசி. சாப்பாடு அந்த இடத்தைத் தாண்டித்தான் பெருங்குடலுக்கு வருகிறது, அங்கே செய்யப்படும் பி12 திரும்ப மேலே ஏற முடியாது. முயல் தன் முதல் புழுக்கையைத் திரும்பத் தின்பதில் இப்படிப்பட்ட சத்துகளை மீட்பதும் அடங்கும். மாடு, ஆடு கதை வேறு, அவற்றுக்கு பாக்டீரியா இருக்கும் அசைபோடும் வயிறு குடலுக்கு முன்னால் இருக்கிறது. அவை பாக்டீரியாவுக்குத் தர வேண்டியது கோபால்ட் மட்டும்தான். தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்திலும் நியூசிலாந்திலும் பசும்புல் மேய்ந்தபடியே ஆடுமாடுகள் மெலிந்து செத்தன, 1930-களில்தான் மண்ணில் கோபால்ட் இல்லாததே காரணம் என்று பிடித்தார்கள். கோபால்ட்டை வாய்வழி கொடுத்தால் ஆடு தேறியது, ஊசியாகப் போட்டால் தேறவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும், கோபால்ட் போய்ச் சேர வேண்டியது ஆட்டின் ரத்தத்துக்கு இல்லை, அதன் வயிற்றிலுள்ள பாக்டீரியாவுக்கு.

இதில் நம்மூர் சம்பந்தம் ஒன்று உண்டு. வேலூர் சிஎம்சியில் ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் 1980-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே கணிசமாக பாக்டீரியா இருக்கிறது, அவற்றில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகள் பி12 செய்யக்கூடும் என்று காட்டினார்கள். இதை வைத்து "நமக்கு வெளியிலிருந்து வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சம் உதவலாம், சிலருக்கு. அது எல்லோருக்கும் போதுமாக இருந்தால் நம் நாட்டுச் சைவர்களிடம் இவ்வளவு பி12 குறைவைப் பார்க்க மாட்டோம்.

என் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம், சாப்பாட்டில் முட்டைகூடக் கிடையாது. பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றார். சர்க்கரையால்தான் என்று நாங்களே முடிவு கட்டி மூன்று வருடம் விட்டுவிட்டோம். பார்த்தால் பி12 அடிமட்டத்தில். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும், ஈரலில் சில வருடத்துக்கான கையிருப்பு இருப்பதால் குறைவு மெதுவாகத்தான் வெளியே தெரியும். ஊசி போட்டதில் பாதிக்குமேல் சரியானது, விரல் நுனி மட்டும் இன்னும் மரமரப்பாகவே இருக்கிறது. அதனால் மரமரப்பு இருந்தால் பி12-ஐ அளந்து பாருங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு ரத்தசோகை சரியாகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள், ரத்தம் தேறும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

கடைசிக் கேள்வி, மருந்து எதிலிருந்து. ஈரலிலிருந்து இல்லை. பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், சூடோமோனாஸ் டீநைட்ரிஃபிகன்ஸ் ஒன்று, புரோப்பியோனிபாக்டீரியம் இன்னொன்று. பின்னதை வளர்க்கும் விதத்தைக் கவனியுங்கள். முதல் சில நாள் காற்றே இல்லாமல் வைப்பார்கள், வளையம் கோபால்ட்டோடு தயாராகும். பிறகு மெல்லக் காற்று விடுவார்கள். எதற்கு என்றால், டிஎம்பி செய்வதற்கு ஆக்சிஜன் வேண்டும், மேலே சொன்ன மஞ்சள் மூலக்கூறைப் பிய்க்கும் வேலை அப்போதுதான் நடக்கும். சில தொழிற்சாலைகளில் டிஎம்பியையே தொட்டியில் போட்டுவிடுவார்கள். எப்படியானாலும் கைப்பிடி சரியாக மாட்டியிருந்தால்தான் அது மருந்து. கடைசியில் கொஞ்சம் சயனைடு சேர்த்து நிலைப்படுத்தினால் சயனோகோபாலமின், பல மாத்திரைகளில் வருவது இதுதான். மாத்திரையில் இருக்கும் சயனைடு அளவு மிக மிகக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை.

எனவே சைவம் என்ற கணக்கில் பி12 ஊசியும் மாத்திரையும் உங்களுக்குத் தடையில்லை. கேப்ஸ்யூலாக வாங்கினால் மட்டும் மேலுறை ஜெலட்டினா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள், அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது.